ஆணியில் தொங்கிய அமெரிக்கச் சட்டை

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. எனக்குப் பரீட்சைக் கைடு எழுதுகிற வேலையைக் கொடுத்த கைடுக் கம்பெனி முதலாளியும் பார்த்ததில்லை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு அயலக இலக்கியம் என்று ஒரு தாள் வைத்து, அதில் ‘அமெரிக்க யதார்த்தவாதப் புனைவும் அதன் சமூகப் பின்னணியும்’ என்று ஒரு பாடத்தைச் செருகியவரும் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக மூன்று பேரும் சமம். இந்தத் தைரியத்தில்தான் அந்தக் கைடை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் இருந்தது, வேலை நிரந்தரமாக இல்லை, அவ்வளவுதான். கைடு எழுதுகிற சங்கதி வெளியே தெரிந்தால் இருக்கிற கௌரவமும் போய்விடும் என்பதால் அட்டையில் ‘அனுபவமிக்க பேராசிரியர் குழு’ என்று போடச் சொன்னேன். குழு முழுவதும் நான் ஒருத்திதான்.

யதார்த்தவாதத்தின் எட்டுக் கூறுகளை எழுதுவது சுலபமாக இருந்தது. எதை எடுத்தாலும் எட்டாகப் பிரிக்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. சமூகப் பின்னணிதான் படுத்தியது. நூலகத்தில் கிடைத்தவை இரண்டு மொழிபெயர்ப்பு நாவல்களும், செல்லரித்த ஒரு வரலாற்றுப் புத்தகமும். அவற்றிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது, ரயில் வந்தது, ஆலைகள் வந்தன, பல தேசத்து ஜனங்கள் ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். இளவரசிகளும் ஆவிகளும் போதும், கடைக்காரனையும் வேலைக்காரியையும் கண்ணில் படுகிறபடியே எழுதுவோம் என்று சில எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். அடுப்பு, நாற்காலி, உரிந்த சுவர் என்று அறையைப் பிசகில்லாமல் எழுதிவிட்டால், உண்மை தானாக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுதப்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு அதைப் படிக்க நேரம் இருந்ததா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, அமெரிக்க ஆலைத் தொழிலாளியின் வீடு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. கைடு முதலாளியோ தினமும் போன் போட்டு, “என்னா மேடம், அமெரிக்கா முடிஞ்சிதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆலைத் தொழிலாளியின் வீட்டை எழுதினேன். அது எங்கள் வீடு.

நெல்லித்தோப்பில் மில் ஆட்கள் நிறைந்த ஒரு சந்து. எல்லாம் ஒற்றை அறை வீடுகள். அடுத்த வீட்டில் யாருக்காவது புரையேறினால் எங்கள் வீட்டில் தலையைத் தட்டிக்கொள்ளலாம், அவ்வளவு நெருக்கம். சந்து முனையில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். எங்களுக்கு மில்லிலிருந்து பஞ்சு வரும், அப்பாவின் தலைமுடியில்.

இதையெல்லாம் அப்படியே எடுத்து, சோற்றை ரொட்டியாக்கி, கருவாட்டுக் குழம்பை உருளைக்கிழங்காக்கி, குழாயடியில் கொஞ்சம் பனியும் பெய்ய வைத்தேன். அமெரிக்கா வந்துவிட்டது. அந்த ஜோரில் கதவுக்கு வெளியே அடித்திருந்த ஆணியையும், அதில் தொங்கிய காக்கிச் சட்டையையும் சேர்த்துக்கொண்டேன். ‘வேலை முடிந்து வரும் தொழிலாளி, பஞ்சுத் தூசி தன் குழந்தையின் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே என்று சட்டையை வாசலிலேயே கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணியில் தொங்கும் சட்டை, உழைப்பாளியின் பிள்ளைப் பாசத்தின் குறியீடாகும்.’ எழுதி முடித்துவிட்டு நானே ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதில் ஆணி நிஜம், சட்டை நிஜம். மற்றதெல்லாம் புளுகு.

எங்கள் சந்தில் சட்டை வெளியே தொங்கினால், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஆம்பளை உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வாசலில் பிள்ளைகள் ஆடக் கூடாது. குழாயடிச் சண்டை தணிந்த குரலில் நடக்க வேண்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது. மற்ற வீட்டுச் சட்டைகள் ஒரு வாரம் தொங்கும், ஷிப்ட் மாறியதும் உள்ளே போய்விடும். எங்கள் வீட்டுச் சட்டை மட்டும் வருடம் முழுக்கத் தொங்கியது. ஏனென்றால் உள்ளே அப்பா இல்லை.

நான் எட்டாவது படிக்கும்போது அவர் வில்லியனூர் பக்கம் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். வேலை மட்டும் அதே மில்லில். போகிறபோது ஒரு பழைய சட்டையை மறந்துவிட்டுப் போனார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டுவாள். ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற நேரம் பார்த்து, பத்து மணி வாக்கில் எடுத்துவிடுவாள். ஆள் போட்டுக் கழற்றின மாதிரி இருக்க வேண்டும் என்று வாரம் ஒருமுறை துவைத்தும் போடுவாள். “யாராச்சும் கேட்டா தூங்குறாருன்னு சொல்லுடி” என்று எனக்கு உத்தரவு. பரீட்சை லீவில் நான் வீட்டில் இருக்கிற நாட்களில் பகலெல்லாம்கூடத் தொங்கும். மகள் வீட்டில் இருக்கும்போது அப்பன் இல்லாதது எடுப்பாகத் தெரியும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று அம்மாமேல் அவ்வளவு கோபம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பூசணிக்காய் மறைந்துவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். சந்து ஆம்பளைகள் எல்லோரும் அப்பாவோடு அதே மில்லில் வேலை பார்த்தவர்கள். அவர் சைக்கிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தினமும் பார்த்தவர்கள். இது என் மண்டையில் ஏறவே இல்லை. பிறகு நான் கல்லூரி விடுதிக்குப் போனேன், மூலக்குளத்துக்கு வீடு மாறினோம், அப்பா ஒருநாள் செத்தும் போனார். எங்கள் மானத்தைச் சட்டை காப்பாற்றிவிட்டது என்ற எண்ணத்தோடேயே நான் அந்தச் சந்தை விட்டு வந்தேன்.

கைடு நன்றாக ஓடியது. நாலு பதிப்பு. அதைப் படிக்காமல் அந்தத் தாளில் பாஸாக முடியாது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் என்னிடம் டியூஷனுக்கு வந்த ஒரு பெண் அதைப் படித்தும் பாஸாகவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் உதவியாளர். மணி அடிப்பது, ரிஜிஸ்டர் தூக்குவது, மேடம்களுக்கு டீ வாங்குவது. எம்.ஏ. முடித்தால் தமிழ் டீச்சராகப் போடுகிறோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. எல்லாத் தாளும் பாஸ், அயலக இலக்கியம் மட்டும் இரண்டு முறை ஊத்திக்கொண்டது. படிப்பை முடிக்கக் கொடுத்த காலக்கெடு அந்தத் தேர்வோடு முடிகிறது. இதில் போனால் மொத்தமும் போச்சு. அப்புறம் ஆயுசு பூரா மணி அடிக்க வேண்டியதுதான்.

கடைத்தெருப் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுப்பேன். முதல் நாளே கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. அவருக்கு மனப்பாடம் வரும். ஆனால் பொய்யை மனப்பாடம் செய்ய வராது.

“மிஸ், இந்தச் சட்ட வெவகாரம் தப்பா இருக்கு மிஸ்” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைடில் விரலை வைத்துக்கொண்டு.

“என்ன தப்பு?”

“பஞ்சு தூசிக்கெல்லாம் சட்டைய வெளிய மாட்ட மாட்டாங்க. எங்கப்பாவும் மில்லுதான். எங்க சந்துல மாட்டுவாங்க, அது வேற எதுக்குன்னா…”

எந்தச் சந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

“அது அமெரிக்காம்மா” என்றேன். “அங்க பஞ்சு வேற.”

“பஞ்சுல என்னா மிஸ் வேற?”

“இதோ பாருங்க, நீங்க ரெண்டு தடவ ஃபெயில். பாஸாகணுமா, வேணாமா? கைடுல என்ன இருக்கோ அத எழுதுங்க. சொந்தச் சரக்க எறக்காதீங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “சரி மிஸ், எழுதிடறேன்” என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி ‘பிள்ளைப் பாசத்தின் குறியீடாகும்’ என்று உருப்போட ஆரம்பித்தார். கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுத வேண்டும் என்கிற பாடத்தைத்தான் நான் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே நினைவூட்டிவிடுகிறேன்.

தேர்வு நடந்தது. கேள்வித்தாளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபது மதிப்பெண் கேள்வி, கட்டாயம் எழுத வேண்டியது: ‘அமெரிக்க யதார்த்தவாதப் புனைவில் ஆணியில் தொங்கும் சட்டை பெறும் இடத்தைச் சமூகப் பின்னணியோடு விளக்குக.’

எங்கள் வீட்டு ஆணி, அம்மா அம்மிக் குழவியால் அடித்த ஆணி, உலக இலக்கியத்தில் இடம் பெற்றுவிட்டது.

அடுத்த மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். பெரிய ஹால், கடகடக்கிற மின்விசிறி, வரிசையாக நாங்கள், எதிரே தலைமைத் தேர்வாளர். அவர்தான் கேள்வி எடுத்தவர் என்று முதல் டீயிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த ‘கீ’ என்கிற விடைக்குறிப்பில் என் வாக்கியங்கள் கமா மாறாமல் இருந்தன. பஞ்சுத் தூசி, நாலு மதிப்பெண். நுரையீரல், நாலு. பிள்ளைப் பாசம், பன்னிரண்டு. கட்டுத் தாள்களைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் எங்கப்பா என்மேல் பாசமாக இருந்தார். நாற்பது பேர் எழுதியிருந்தால் நாற்பது பேர் தாளிலும் பாசம். உயிரோடு இருந்தபோது ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்த ஒரு தாளில் இப்படி இருந்தது:

‘கைடில் உள்ளது எனக்குத் தெரியும். ஆனால் பஞ்சுத் தூசிக்காகச் சட்டையை வெளியில் மாட்டுவது இல்லை. தூசி தலையில்தான் அதிகம் வரும். தலையைக் கழற்றி வெளியில் மாட்ட முடியாது. ராத்திரி வேலைக்காரர் தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள் என்று சந்துக்குச் சொல்லவே மாட்டுவார்கள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் ஆள் இல்லை. வேறு குடும்பத்தோடு போய்விட்டார். ஆனாலும் தினமும் சட்டை தொங்கும். சிறு வயதில் நான் அந்த வாசலில் டயர் உருட்டினேன். என் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். அங்கேதான் ஆளே இல்லையே என்று அழுதேன். ஆள் இல்லாவிட்டால் என்ன, சட்டை இருக்கிறது அல்லவா என்று சொன்னார். சந்து முழுவதற்கும் தெரியும். அந்த அம்மாவிடம் யாரும் கேட்டது இல்லை. சட்டை தொங்கினால் எல்லோரும் மெதுவாகப் பேசுவோம். அமெரிக்காவிலும் மில் இருந்தால் சந்து இருக்கும். சந்து இருந்தால் இப்படித்தான் இருக்கும். இதுவே சமூகப் பின்னணி ஆகும்.’

தாளில் பெயர் இருக்காது, ரகசிய எண்தான். எனக்கு எண் தேவைப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியாமல். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஒரு பழைய காக்கிச் சட்டைக்காக ஒரு சந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. நானோ அந்த ஜனங்களை ஏமாந்த சோணகிரிகள் என்று நினைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் குழாயடியைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு தாளோடு தலைமைத் தேர்வாளரிடம் போனேன்.

“சார், இவங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் திருத்தக் கூடாது. நீங்களே பாருங்க.”

அவர் படித்தார். “என்னம்மா இது, சொந்தக் கதைய எழுதி வச்சிருக்கு? கீ-யில ஒண்ணுகூட இல்ல. சைபர் போட வேண்டியதுதான்.”

“கீ தப்பு சார்.”

“எப்படிம்மா தப்பாகும்? கைடுல இருக்கு. நான் வருஷா வருஷம் அதத்தான் நடத்துறேன்.”

“கைடும் தப்பு சார்.”

“அத எழுதினவங்க பெரிய பேராசிரியர் குழு.”

“அந்தக் குழு நான்தான் சார்.”

பக்கத்து மேசையில் சிவப்புப் பேனாக்கள் நின்றன. கல்லூரிக்குச் சேதி போக இது போதும் என்று தெரிந்தது. போகட்டும் என்று இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி, நீங்கதான்னே வச்சிக்குவோம். அமெரிக்கச் சட்டைக்கு இவங்க சொல்றதுதான் சரின்னு என்ன ஆதாரம்?”

“அது எங்கப்பா சட்டை சார். அந்த ஆள் இல்லாத வீடு எங்க வீடு.”

அவர் அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு இருபதுக்குப் பதினான்கு போட்டு, “ரெண்டு எடத்துல ஒற்றுப் பிழை” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனுஷன். அடுத்த வருடம் முகாமுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று அந்தப் பெண் ஒரு கிலோ லட்டோடு மூலக்குளத்தில் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். சரியாகப் பாஸ் மார்க். வாசலிலேயே அழுதார். “ஜூன்லேர்ந்து ஆறாம் வகுப்பு எடுக்கச் சொல்லிட்டாங்க மிஸ். மன்னிச்சிக்குங்க, நீங்க சொன்னத எழுதல. மனப்பாடமெல்லாம் வந்துச்சு, பொய் எழுதத்தான் கை வரல.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “நீ கொழாயடி வூட்டுப் பொண்ணுதான? டயர உருட்டிகிட்டுத் திரிவியே” என்றாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த லட்டு டப்பாவை என் கையில் திணித்தார். “ஐயோ மிஸ்… அந்தப் படிக்கிற அக்கா… நீங்களா? நான் அதப் போயி பரீட்சையில…”

“என்னாத்த எழுதின?” என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் நான் சொன்னேன். கைடு, ஆணி, அமெரிக்கா, கேள்வி, அந்த விடை, எல்லாம். சந்து முழுவதற்கும் தெரிந்திருந்தது என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து அம்மா மனசு உடைந்துவிடப் போகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அம்மா ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். “தெரியாம இருக்குமா? ஒங்கப்பன்கூட வேல பாத்தவனுங்க பொண்டாட்டிங்கதான எல்லாரும். மொத நாளே தெரியும்.”

“அப்புறம் எதுக்கும்மா மாட்டுன? யாருக்குப் பயந்து?”

“பயமா? யாருக்குடி பயம்?” அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “நீ ஆறு மணிக்குப் பொஸ்தகத்த விரிப்ப. அப்பத்தான் அந்தச் சந்துல ரேடியோ, சண்ட, டயரு எல்லாம் ஆரம்பிக்கும். ஆம்பள சட்ட தொங்குனா, ஆளு இல்லாட்டியும் சந்தே அடங்கும். பொட்டப்புள்ள படிக்குதுன்னு சொன்னா எவ அடங்குவா?”

நான் லட்டை வாயில் போட்டிருந்தேன். புரையேறியது. அந்தப் பெண் ஓடி வந்து என் தலையைத் தட்டினார்.

“தண்ணி குடிடி” என்றாள் அம்மா.